மாமாவின் பெயரைச் சொன்ன சனிக்கிழமை

கோப்ளென்ஸ், ஜெர்மனி
14.11.2004

அன்புள்ள சங்கரிக்கு,

நான் நலம். நீயும் இளமதியும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். இளமதியின் காது வலி எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. விருத்தாசலத்தில் மழை விடவில்லை, பொம்மைகள் காயாததால் சூளை ஏற்ற முடியவில்லை என்று பட்டறையிலிருந்து சாமிதுரை போனில் சொன்னான். இங்கே செராமிக் பயிற்சி நன்றாகப் போகிறது. குளிர்தான் அதிகம். நீ வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் போதவில்லை. ஆனாலும் உள்ளே அதைத்தான் போட்டிருக்கிறேன்.

அத்தைக்குப் படித்துக் காட்டத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். இதை நீ மட்டும் படி. அத்தை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

தீபாவளியன்று போனில், "அங்க குளிருக்கு எல்லாரும் குடிப்பாங்களாமே, நீங்க எப்படிங்க?" என்று கேட்டாய். ஜூஸ்தான் குடிக்கிறேன் என்றேன். அது பொய்.

பயிற்சிக்கு வந்திருக்கும் ஏழு பேரும் சனிக்கிழமை மாலையில் விடுதிச் சமையலறையில் கூடுவோம். வாரம் ஒருவர் தன் ஊர்ப் பக்கம் செய்யும் பீரையோ ஒயினையோ கொண்டுவந்து வைப்பார். முதல் வாரம் நான் தொடவில்லை. இரண்டாம் வாரம் ஜார்ஜியா நாட்டு கியோர்கியின் முறை. தங்கள் ஊரில் திராட்சைச் சாற்றை ஆளுயரப் பானையில் ஊற்றி, பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து ஒயின் செய்வதாகச் சொன்னார். என்ன மண், எவ்வளவு சூட்டில் சுட்டது என்று நான் கேட்கப் போனேன். பதிலோடு ஒரு கிளாஸும் கொடுத்தார். டிகாஷன் நிறம். பால் ஊற்றாத டீயைப் போல நாக்கில் துவர்த்தது; விழுங்கிய பிறகு காய்ந்த அத்திப்பழத்தின் இனிப்பு நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். பெல்ஜியத்துப் பெண் கொண்டுவந்த செர்ரிப் பழ பீர், நெல்லிக்காய் கடித்த மாதிரி புளித்தது. பாம்பெர்க் என்ற ஊரின் பீரில், விறகுச் சூளையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தப் புகை வாசனை. இங்கத்து ஆற்றங்கரைச் சரிவில் விளையும் வெள்ளை ஒயினில் மழையில் நனைந்த கல்லின் வாசனை. எல்லோரும் முதலில் முகர்ந்து பார்க்கிறார்கள். கொஞ்சமாக வாயில் வைத்துக்கொண்டு, எந்த மண், எந்தத் தண்ணீர் என்று பேசுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது சங்கரி. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். குடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால் போதும் என்று மட்டும்தான் நீ கல்யாணத்துக்கு முன்னால் சொல்லி அனுப்பினாய். தெரிந்தேதான் மீறினேன்.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நேற்று நடந்தது.

நேற்று என் முறை. என்னிடம் பாட்டில் ஏது? உங்கள் ஊரில் எப்படிக் குடிப்பார்கள் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், எங்கள் ஊரில் ருசித்துக் குடிக்கத் தெரியாது, விழத்தான் குடிப்பார்கள் என்றேன். எழுந்து நடித்தும் காட்டினேன். நல்லூர் பஸ் நிறுத்தத்தில் மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏம்பா கண்டக்டரு, வண்டிய நிறுத்து, வூடு வந்துடுச்சி" என்று கெஞ்சும் ஒரு மனிதரை நடித்தேன். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நிற்கும் அவரை, ஒன்பதாவது படிக்கும் மகள் தன் ஸ்கூல் பையால் மறைத்து அழைத்துப் போவதையும் நடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் மாமாவைப் பார்த்ததே இல்லை. இளமதி வயிற்றில் இருந்தபோது, யாரிடமும் சொல்லாதீங்க என்று நீ அழுதுகொண்டே சொன்னதைத்தான் நடித்தேன்.

கியோர்கி மட்டும் சிரிக்கவில்லை. நான் நடித்துக் காட்டியவர் யார் என்று கேட்டார். என் மனைவியின் அப்பா என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். இறந்துவிட்டார் என்றேன். சிரிப்பு நின்றுபோனது. அவர்கள் வழக்கத்தில், இறந்தவரைப் பெயர் சொல்லி நினைத்துக் கிளாஸைத் தூக்குவார்களாம். பெயர் கேட்டார். கோவிந்தசாமி என்றேன். எல்லோரும் எழுந்து நின்று, வாயில் நுழையாத அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக, தப்புத் தப்பாக, ஆனால் மரியாதையோடு சொன்னார்கள்.

பிறகு கியோர்கி, "அவர் எப்படிப்பட்ட மனிதர்? சொல்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து ஒரு தாள் எழுதினேன். கிழித்துவிட்டேன். என் சத்தியத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? ஜனவரி பத்தாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். நீ வரச் சொன்னால் வீட்டுக்கு வருகிறேன். இல்லையென்றால் திட்டக்குடியில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, இளமதியை மட்டும் வந்து பார்த்துப் போகிறேன்.

அதற்குள் எனக்கு ஒன்று செய். மாமா குடிக்காத நாட்களில் எப்படி இருந்தார் என்று எழுது. உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எதற்குச் சிரித்தார், என்ன வாங்கி வந்து கொடுத்தார், எதுவானாலும் எழுது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றினால், இளமதிக்காவது சொல்லி வை. அவள் தாத்தாவை நான் காட்டியபடி யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது.

உன் முன்னால் தலை நிமிர முடியாத,
பழமலைநாதன்