நெற்றி மட்டும் வந்த படம்

மார்ச் 4
பேத்தி கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வகுப்பு. இன்று ஆபீஸில் அவள் சொன்னால் கேட்க ஒரு கூட்டமே இருக்கிறது. பேரன் அதே படிப்பில் தங்கப் பதக்கம். என்னோடு இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், பனியனோடு. பேத்தியின் மகள் பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் தானாகத் தும்மிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பேரனின் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 6
நான் தட்டியதைப் பேரன் ‘குடும்பப் பெட்டி’யில் வைக்கிறான். மரப்பெட்டி இல்லை, வெளியூரில் இருக்கும் பேத்தியும் இவனும் கம்ப்யூட்டர் வழியாகப் போட்டு எடுக்கிற இடம். “உன் டைரியை யாரும் தொடமாட்டாங்க பாட்டி” என்று சத்தியம் செய்திருந்தான். இன்று பேத்தி போனில், “என்ன பாட்டி, எல்லாமே ஒரே வரியா இருக்கு? படிச்சா மூச்சு வாங்குது!”
தொடமாட்டார்களாம்!

மார்ச் 7
பேரனைக் கேட்டேன். “பழைய டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா உருளையை ஓரத்துக்குத் தள்ளணும், அப்புறம் தாளை ஏத்தணும். அக்கா கம்ப்யூட்டர் இன்னும் அந்த ரெண்டுக்கும் ரெண்டு குறி கேக்குது. என்னோடதுக்கு ஒண்ணு போதும். அதான் அங்க வரி உடையல. இனிமே பெட்டிக்குள்ள வர்ற எல்லாத்துலயும் ரெண்டாவது குறி தானா சேர்ந்துடும்.” காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பனியனுக்குக் காலர் ஏது?

மார்ச் 8
பேத்தியின் கம்ப்யூட்டரிலும் வரி உடைந்துவிட்டது. “தும்மினதையெல்லாமா எழுதுவே?” என்கிறாள் பேத்தி.

மார்ச் 9
கொள்ளுப்பேத்தியின் முதல் படம் பெட்டிக்கு வந்தது. போனில் அனுப்பமாட்டாள். வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படத்தை நான் பால்காரர் வரைக்கும் அனுப்பிவிட்டேன் என்று கோபம். எதிர்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “மூக்கு அப்படியே எங்க குடும்ப மூக்கு, பாரு” என்று திறந்தால் — மேலே கொஞ்சம் நெற்றி. அதற்குக் கீழே சாம்பலும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக என்னமோ. தையல்காரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.
“மூக்கு எங்கேம்மா?”
மானம் கப்பலேறியது.

மார்ச் 10
“என் போன்ல நல்லாத்தான் இருக்கு. உன் பேரன்தான் ஏதோ பண்ணியிருக்கான். ஒத்துக்கட்டும், மறுபடி அனுப்புறேன்” — இது பேத்தி. “கேமரா சரியில்ல” — இது பேரன். தங்கப் பதக்கத்துக்குத் தப்பு வருமா? இதுங்க ரெண்டும் முட்டிக்கிட்டா நான் எப்போதான் அந்த முகத்தைப் பாக்கிறது?

மார்ச் 11
யாரும் படிக்காத நாட்குறிப்புதானே, மனம் விட்டு எழுதுகிறேன். பேரன் சின்ன வயதில் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்தது, பேத்தி சுவரெல்லாம் பற்பசை பூசிவிட்டுத் தம்பி மேல் பழி போட்டது — இரண்டையும் நாளை விரிவாக எழுதித் தையல்காரிக்கு வாசித்துக் காட்ட உத்தேசம். படம் வந்துவிட்டால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

மார்ச் 12
கேட்காமலே டீ வந்தது. பின்னாலேயே பேரன்.
“பாட்டி, அலமாரி கதை வேண்டாம். படத்துல வரின்னு ஒண்ணு கிடையாது. ஆனா கம்ப்யூட்டருக்கு எழுத்து, குறி, படம் எல்லாமே எண்தான்; அந்தக் குறிக்கு உள்ள எண் படத்துலயும் அங்கங்க தற்செயலா வரும். பெட்டி அதையும் வரி முடிவுன்னு நெனச்சு, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ரெண்டாவது குறியைச் செருகிடுச்சு. எழுத்து எது, படம் எதுன்னு நான்தான் பிரிச்சுச் சொல்லியிருக்கணும்.”
“எங்கிட்ட சொல்லி என்ன? அக்காகிட்ட சொல்லு.”
சொன்னான். போனுக்கு வெளியே கேட்டது சிரிப்பு. “பதக்கத்தைத் திருப்பிக் குடுத்துடுடா! பாட்டி, பற்பசையை எழுதிடாதே, இதோ அனுப்புறேன்.”

மார்ச் 13
இப்போது எழுத்துக்கு மட்டும்தான் இரண்டு குறி, படத்தைத் தொடுவதில்லையாம். முழு முகமும் வந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
மூக்கு மாப்பிள்ளை வீட்டு மூக்கு. சந்தேகமே இல்லை.
சாயங்காலம் தையல்காரி வருகிறாள். யாரும் படிக்காத இந்த நாட்குறிப்பில் ஒரு வேண்டுகோள்: அதற்குள் புதிதாக இன்னொரு படம் போடவும். நெற்றி மட்டும் தெரிந்தால் போதும்.