இரண்டாவது கேள்வி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934 ஆகஸ்டு 3, வெள்ளிக்கிழமை

தம்பி சின்னையாவுக்கு, அக்கா பவுனம்மாள் எழுதிக்கொண்டது.

எந்தக் கடிதமானாலும் முதல் வரியில் க்ஷேமம் விசாரிப்பார்கள். புடு ஜெயிலில் தூக்குக்கு நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறவனிடம் என்னத்தை விசாரிக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அங்கே யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.

புதன்கிழமை உன்னைப் பார்க்க வந்து இரண்டு மணி நேரம் வாசலில் காத்துக்கிடந்தேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உனக்கென்று சுட்டுக் கொண்டுவந்த அதிரசத்தை வாசல் காவல்காரனிடமே கொடுத்துவிட்டேன். அவனாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

அதைவிடக் கோபம், சிவசம்பு ஐயாவையும் நீ திருப்பி அனுப்பியது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். சுல்தானுக்குக் கருணை மனு எழுதித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். அந்த வயசில் மழையில் குடை பிடித்துக்கொண்டு உன்னைத் தேடி வந்த மனுஷனிடம், கைநாட்டு வைக்க மாட்டேன், தப்பு என்மேலதான், தூக்கில் போடட்டும் என்றாயாமே. உன் கைநாட்டு இல்லாத மனுவை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்களாம்.

நீ நல்லவன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். பத்து வயதில் பக்கத்து லயத்து வீட்டு ஆட்டை ஜெஞ்சாரோம் கம்பத்து மலாய்க்காரனுக்கு விற்றுவிட்டு, ஆடு தானாகவே போய்விட்டது என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீ. தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்குகிற தண்டலை அடித்து இரண்டு பல்லைக் கழற்றினாய். கிள்ளான் பாசாரில் துணிக்கடைப் பூட்டை உடைத்து ஆறு மாதம் உள்ளே இருந்தாய். வெளியே வந்து திருந்தினாயா? வேலாயுதம் விடிகாலையில் பால் வடிய வெட்டிவிட்டுப் போன ரப்பர் மரங்களில், அவன் பால் எடுக்க வருவதற்குள் நீ போய் உன் வாளியில் ஊற்றிக்கொண்டாய். அவனும் உன்னைப் போல வயிற்றுப்பாட்டுக்கு மரம் வெட்டினவன்தானே. கடைசியில் அவன் உயிரையும் எடுத்தாய். அவன் பெண்டாட்டி வீரம்மா தாலியறுத்து நிற்கிறாள். இதில் எதையும் நான் மறைக்கவில்லை, மனுவிலும் மறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கோர்ட்டில் நான் ஒன்றைப் பார்த்தேன். ஜட்ஜு துரை கேட்டதும் கைகட்டித் தலை குனிந்து, தப்பு என்மேலதான் எசமான் என்றாய். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். எதற்காக நிற்கிறாய் என்று அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நம் தோட்டத்துப் பஞ்சாயத்தில் அதுதானே முறை. தப்பு செய்தவன் முதலில் சபையில் விழுந்து, தப்பு என்மேலதான் என்று சொல்லிவிட வேண்டும். கேட்பதற்கு முன்னால் நியாயம் பேசுகிறவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பேர். விழுந்தவனை எழுப்பி, சரி, அப்புறம் என்ன நடந்தது சொல்லு என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கப்புறம்தான் விசாரணையே. நீ அந்த இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தாய். துரைக்கு நம் முறை என்ன தெரியும்? முதலில் சொன்னதையே எழுதிக்கொண்டு தீர்ப்பைச் சொல்லிவிட்டார். உனக்காக வைத்த வக்கீலிடமும் அதே பாட்டைத்தான் பாடித் தொலைத்திருக்கிறாய்.

இதைச் சொன்னதும் சிவசம்பு ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிள்ளை, இதை ஏன் முந்தியே ஒருத்தரும் சொல்லேல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு நடந்ததை நீ வாய்திறந்து சொன்னால் மனுவில் சேர்க்கலாம், தூக்கு ஜெயில் தண்டனையாக மாற இடம் இருக்கிறது என்கிறார். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று வேண்டுமாம். பார்த்தவள் வீரம்மா ஒருத்திதான். நாளைக்கு அவளிடம் போகிறேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அக்கா பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
ஆகஸ்டு 7, செவ்வாய்க்கிழமை

என் தம்பிக்கு,

போய் வந்தேன். செருப்படி விழவில்லை, ஒரு மணி நேரம் வெளியிலேயே நிற்க வைத்தாள். கிள்ளான் வரை ரயில், அங்கிருந்து பஸ், அப்புறம் தோட்டத்துக்குள்ளே மூன்று மைல் நடை. முழங்கால் வரை சேறு. லயத்துப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கொலைகாரன் அக்கா என்றாள் ஒருத்தி. ஆமாம், கொலைகாரன் அக்காதான், குடிக்கத் தண்ணீர் இருந்தால் கொடு என்றேன். கொடுத்தாள்.

ஒருவழியாக வீரம்மா கதவைத் திறந்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்த்ததும், வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு மறந்துபோய் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. உன் தம்பியை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தாயா என்றாள். இல்லை, அன்றைக்கு நீ என்ன பார்த்தாய் என்று கேட்க வந்தேன் என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளில் இதை ஒருத்தரும் கேட்கவில்லை அக்கா, வெட்டியது இவனா என்று மட்டும் கோர்ட்டில் கேட்டார்கள், ஆமாம் என்றேன், போகச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

அப்புறம் எல்லாம் சொன்னாள். பால் திருட்டு தெரிந்ததும் வேலாயுதம் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினானாம். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே இவளும் பின்னால் ஓடியிருக்கிறாள். முதல் வெட்டு உன் தோளில் விழுந்ததாம். தோளில் என்னடா கட்டு என்று நான் கேட்டதற்கு, ஓடும்போது விழுந்துவிட்டேன் என்றாயே, பாவி! நீ கத்தியைப் பிடுங்கினாயாம். பிடுங்கியதோடு விட்டிருக்கலாம், உன் தம்பி விடவில்லை என்றாள். அதையும் சொன்னாள், இதையும் சொன்னாள்.

உனக்கு எழுதச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நான் அவனை மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பாதியை மட்டும் கேட்டு அவனைத் தொங்கவிட்டால், மீதிப் பாதி என் தொண்டையிலேயே கிடக்கும். என்னால் அதோடு வாழ முடியாது. இதுதான் அவள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறி, ரயில் ஏறி இங்கே வந்துவிட்டாள். சிவசம்பு ஐயா கேட்கக் கேட்க, ஒன்றுவிடாமல் சொன்னாள். பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டாள். காப்பி வைத்தேன், தொடவில்லை. அவளுடைய பெருவிரலுக்குப் பக்கத்தில் உனக்கென்று இடம் விட்டிருக்கிறது.

வேறு சேதி, உன் மருமகள் சீதாலெட்சுமிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காது இன்னும் குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவேன் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். பக்கத்து வீடுகளில் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். கல்யாண வயசிலும் காது குத்திக்கொள்ளலாம், யார் தடுக்கிறது? உன் மாமாவும் ரயில்வே வேலை முடிந்து வந்ததும், மனு என்னாச்சு என்றுதான் முதலில் கேட்கிறார். உன்னைத் திட்டாத வாய் இந்த வீட்டில் இல்லை, உன்னை நினைக்காத வாயும் இல்லை.

நாளை மறுநாள், வியாழக்கிழமை, சிவசம்பு ஐயா அந்தக் காகிதத்தோடு மறுபடியும் உன்னைப் பார்க்க வருகிறார். தூக்கு மாறினாலும் நீ வெகுகாலம் உள்ளேதான் இருக்க வேண்டும். இருடா. வேலாயுதம் மண்ணுக்குள் இருக்கிறான், நீ ஜெயிலில் இருந்தால் என்ன? அதில் ஒரு நாளைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. உயிரோடு இரு என்றுதான் கேட்கிறேன். மாதம் ஒருமுறை கம்பிக்கு வெளியே நின்று உன்னைத் திட்டுகிற பாக்கியமாவது எனக்கு இருக்கட்டும்.

துரை கேட்காமல் விட்டார். வீரம்மாவிடம் நான் கேட்டேன், அவள் சொல்லிவிட்டாள். இனி நீதான் பாக்கி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உனக்குப் பெரியவள் நான்தானே, அதனால் நான் கேட்கிறேன். தப்பு என்மேலதான் என்று விழுந்துவிட்டாய். சரி, எழுந்திரு.

அப்புறம் என்ன நடந்தது, சொல்லு தம்பி.

நூறு வயசு இருக்கச் சொல்லி ஆசீர்வதிக்கும்,
அக்கா பவுனம்மாள்