கோச் நிற்கும் கம்பம்

செப். 28, 1996. சனி.
காலை 6 பாகை. வெயில் உண்டு, சூடு இல்லை. மகளின் பழைய மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மைதானம் போனேன். தோல்வி, 6–9. தொடர்ந்து மூன்றாவது.

புது வேலை ஒன்று. அடுத்த மாதம் 26-இல் கோச் தியாகராஜனுக்குக் கல்லூரியில் பிரியாவிடை விருந்து. அவருடைய லக்ரோஸ் அணியின் ஸ்கோர் புத்தகங்கள் முழுவதும் இரண்டு அட்டைப்பெட்டிகளில் என் அறைக்கு வந்துவிட்டன. நான்கு பக்கத்தில் சுருக்க வேண்டும். பெட்டிகளைப் பார்த்து மாலதி: "அப்பா, முப்பது வருசமாக் கொப்பி திருத்தினது காணாதா உங்களுக்கு?"

காணாது.

செப். 29. ஞாயிறு.
மழை. பெட்டிகளோடு பகல் முழுதும். குறிப்புகள்:

1962 – மெட்ராஸிலிருந்து இங்கே சிவில் படிக்க வருகை. ஊரில் கல்லூரி ஹாக்கி. முதல் இலையுதிர் காலத்திலேயே லக்ரோஸ் பார்த்தாராம். நீளத் தடி, முனையில் வலைப் பை, அதில் பந்தை ஏந்தி எறிவது. "ஹாக்கிய நிமித்தி வச்ச மாதிரி இருந்துது சார். அன்னிக்கே விழுந்துட்டேன்."
1970 – விரிவுரையாளர், கூடவே கோச். அந்தப் பருவம் ஒரே ஒரு வெற்றி.
1974 – தோள் எலும்பு முறிவு.
1981 – காது, ஏழு தையல்.
மூன்று முறை கோப்பை.

காயம் இரண்டும் "இருபது" தந்தவை. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் இருபது பந்துகளுக்கு கோச் கோல் காப்பவனின் இடக்கைப் பக்கக் கம்பத்தை ஒட்டி வெளியே நிற்பார். தலைக்கவசம் கிடையாது. கைகள் முதுகுக்குப் பின்னால். வீரர்கள் வரிசையாக வந்து கோலுக்குள் எறிவார்கள். ரப்பர் பந்துதான், ஆனால் கல். அவர் வலக்காதை உரசிக்கொண்டு உள்ளே போகும். கோல் காப்பவனிடம் அவர் சொல்வது: முகமூடி இல்லாத நானே அசையவில்லை, முகமூடி போட்ட நீ ஏன் கண்ணை மூடுகிறாய்? வருகிற பந்தைக் கடைசிக் கணம் வரை பார்ப்பார். தேவையானால் ஒரு அங்குலம் தலையைச் சாய்ப்பார். இருபத்தேழு பருவமாக ஒரு பயிற்சி தவறியதில்லை.

எனக்கு அவர் பழக்கமானது இரண்டு வருடம் முன், ஜான்-டலோன் சந்தையில், ஒரே கத்தரிக்காய்க் குவியலில் இரண்டு பேரும் கை வைத்தபோது. "மட்டக்களப்புல கணக்கு வாத்தியாரா? அப்ப உங்கள விடறதா இல்ல சார். எனக்கு ஸ்கோர் எழுத ஆள் வேணும்."

அக். 1. செவ்வாய்.
பிரஷர் மாத்திரை முடிகிறது. மகள் மா.விடம் சொல்ல வேண்டும்.

நாம் விட்ட கோல்கள் எங்கே விழுந்தன என்று பார்க்க ஆசை. வகுப்பிலும் இப்படித்தான்: எண்ணாகச் சொன்னால் கொட்டாவி, படமாகப் போட்டால் கண் விரியும். ஒரு பெட்டி வரைந்தேன், அதுதான் கோல். விட்ட ஒவ்வொரு கோலுக்கும் சிவப்புப் புள்ளி. கடைசி மூன்று ஆட்டம். புள்ளிகள் பரவும் என்று நினைத்தேன். எல்லாம் இடது மூலையில் குவிகின்றன. விசித்திரம்.

அக். 3. வியாழன்.
கோச்சோடு சந்தை. தக்காளிப் பெட்டி ஒன்று அவர் முழங்கையில் பட்டுச் சரிந்தது. கடைக்காரன் பிரெஞ்சில் ஏதோ பொரிந்தான். "நடைபாதைல வச்சிருக்கான் பாருங்க, அறிவு கெட்டவன்" என்றார். பெட்டி நடைபாதையில் இல்லை.

தெருவைக் கடக்கையில் வலப்பக்கமிருந்து கார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியல சார்" என்று சிரித்தார்.

முருங்கைக்காய் நல்ல விலை. வாங்கவில்லை.

அக். 5. சனி.
3 பாகை. தோல்வி, 5–10. பத்தில் ஒன்பது இடது மூலை. எதிரணிக் கோச் பெஞ்சிலிருந்து இரண்டு விரலால் அந்த மூலையையே காட்டினான். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அக். 6. ஞாயிறு.
கோச் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி கமலா அம்மாவின் வத்தக்குழம்பு.

படத்தைக் கொடுத்தேன். கலர் பென்சில், ஆட்டத்துக்கு ஒரு நிறம். மனுஷர் குழந்தை மாதிரி மகிழ்ந்தார். "இத்தன வருஷத்துல ஒருத்தன் இப்படி வரைஞ்சு தரல. கமலா, வந்து பாரேன்!" பிறகு முகம் இறுகியது. "கோல்ல நிக்கற எத்தியேன் இடப்பக்கம் பந்தைப் பாத்து பயப்படறான். புதன்கிழம இருபது பந்தும் இடது மூலைக்குத்தான். முழு வேகத்துல. நான் பக்கத்துலயே நிக்கறேன், எப்படி பயப்படறான்னு பாத்துடறேன்."

பெருமையோடு தலையாட்டினேன்.

கோச்சின் வலக்கைப் பக்கம் வைத்த தண்ணீர்த் தம்ளரை அவர் கையே தட்டிவிட்டது. கமலா அம்மா துணி கொண்டுவந்து துடைத்தார். துணி தயாராகவே இருந்தது போல.

அக். 7. திங்கள்.
கோல் காப்பவன் எத்தியேன் இரண்டாம் வருட மாணவன். பயிற்சி முடிந்ததும் என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். பிரெஞ்சும் ஆங்கிலமுமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒருவன் எறிந்த மெதுவான பந்து கோச்சின் வலத் தோளில் பட்டது. பார்த்தால் குழந்தைகூட விலகியிருக்கும். அவர் சிரித்துச் சமாளித்தார். அன்று உடைமாற்றும் அறையில் எல்லோரும் பேசி ஒரு முடிவு: இனிமேல் இருபதிலும் அவர் நிற்கும் பக்கம் யாரும் எறிவதில்லை. எல்லாம் மறு மூலைக்கே. அவருக்குச் சொல்வதுமில்லை.

"ஆகஸ்டுக்குப் பிறகு பயிற்சியில் ஒரு இடது பந்துகூட எனக்கு வந்ததில்லை, மிஸ்டர் கே. ஆட்டத்தன்று அது வேறு ஊரிலிருந்து வருவது போல வருகிறது."

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"26-ஆம் தேதி வரைதானே என்று இருந்தோம். நீங்கள் படம் வரைவீர்கள் என்று யாருக்குத் தெரியும்?"

குற்றம்சாட்டும் குரல் இல்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

ஊரில், களுவாஞ்சிக்குடியில், நான் படிப்பித்த எட்டாம் வகுப்பு. தவராசா என்றொரு பிள்ளை. கரும்பலகையில் எழுதியதில் பாதியைத்தான் கொப்பியில் எழுதுவான். கவனமில்லை என்று ஒரு தவணை முழுக்க முன்வரிசை வாங்கில் நிறுத்திவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மற்றப் பாதி அவன் கண்ணுக்கு இல்லவே இல்லை. தக்காளிப் பெட்டி, கார், தம்ளர். மூன்று எடுத்துக்காட்டு கொடுத்தும் விடை எழுதாத மாணவன் நான்.

அக். 8. செவ்வாய்.
ஈரக் காற்று. கோச் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து கமலா அம்மாவுக்கு போன். அவர் கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"கண்ணா? ஏப்ரல்லயே டாக்டர் பாத்தாச்சு சார். வலது கண்ணு சுத்தமா போச்சு. வெளில சொன்னா அன்னிக்கே மைதானத்த விட்டு இறக்கிடுவாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"நாளைக்கு என்ன செய்யப் போறார் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

சொன்னேன். அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம். பிறகு: "நீங்க சொன்னா கேப்பார் சார். நான் சொன்னா, பொம்பள பயப்படறான்னுடுவார்."

நான்கு மணிக்குக் கல்லூரியில் கோச்சின் அறைக்குப் போனேன். என் படம் சுவரில், பின் குத்தி. விருந்தில் பெரிதாக்கி வைக்கப் போகிறாராம். "உக்காருங்க சார், உங்க புண்ணியத்துல கடைசிப் பருவம் உருப்படப் போறது." உட்கார்ந்தேன். காப்பி குடித்தேன். விடைபெற்று வந்துவிட்டேன்.

முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்து "எழும்பி நின்று சொல்" என்று சொன்ன வாய்.

மா. இரவுச் சாப்பாட்டில்: "என்ன அப்பா, புட்டை அளைஞ்சு கொண்டிருக்கிறீங்க. யாரோட சண்டை?" யாரோடும் இல்லை, மகள்.

நாளை முதல் பந்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். கட்டாயம்.

அக். 9. புதன். மைதான பெஞ்சில்.
4.05. தூறல். புல் வழுக்குகிறது. பேருந்து தாமதம். ஓடி வந்தும் அவர் ஏற்கெனவே கம்பத்தில்.

4.10. கிட்டப் போய், "கோச், ஒரு கதை இருக்கு, உங்களோட பேச வேணும்" என்றேன். "இருபது முடியட்டும் சார். புத்தகத்த எடுங்க, ஒண்ணொண்ணா எழுதுங்க." வலப்பக்கம் நின்று சொன்னேன் போலும். என் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சுக்கு வந்துவிட்டேன். மறுபடியும்.

4.14. பந்து 1: மறு மூலை. பந்து 2: வானத்தில். பந்து 3: மறு மூலை. கோச் கத்துகிறார்: "இடது! என்ன எல்லாருக்கும் காது கேக்கலையா?" ஆங்கிலத்திலும் ஒருமுறை. எத்தியேன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறான்.

4.17. பந்து 4, 5: வேண்டுமென்றே நழுவவிட்டார்கள். கோச் ஒரு அடி கம்பத்துக்கு இன்னும் நெருக்கமாக. "நான் இருக்கறதால பயமா? நான் அசைய மாட்டேன்டா. போடு!"

4.19. வரிசையில் ஆறாவதாக ஒருவன், இந்த வாரம்தான் சேர்ந்தவன். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து வந்தவன், பெரிய கை. ஆகஸ்டில் இங்கே இல்லை. அவனுக்கு யாராவது சொன்னார்களா? எத்தியேனைப் பார்க்கிறேன். அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறான். வேகமாக.

4.20. புதியவன் பந்தை வலைப் பையில் எடுத்துவிட்டான். கோச் கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து, மைதானத்தின் மறுகோடியைப் பார்த்து நிற்கிறார். அவன் வருகிற பக்கத்தை அல்ல.

எழும்புகிறேன். இங்கிருந்து கத்தினால் தமிழில்தான் வரும். வரட்டும்.