நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில்

நேற்று ஒரு ஷோரூமில் புதுக் கார் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் எதிரே சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. வேகத்துக்கு முள் இருந்தது, பெட்ரோலுக்கு முள் இருந்தது. இன்ஜின் சூட்டுக்கு மட்டும் முள் இல்லை. ஏன் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம்? சூடானா சிவப்பு லைட் தானா வரும்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இருவரும் மாதாப்பூரில் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர்களாக இருந்த காலம். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் வீடு, பின்தெருவில் என் வீடு. உன் சம்பளத்தில் நீ அந்தச் சின்ன காரை வாங்கினாய். முதல் வாரமே ஆரம்பித்துவிட்டாய். "ஏண்டி, குளிர்ச்சியா இருந்தா நீலம், கொதிச்சா சிவப்பு. நடுவுல என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு ஸ்கிரீன் வந்தா பாஸ் பண்ணுவியா நீ?"

மாட்டேன் என்றேன். ஆனால் எனக்கு அது வெறும் வேடிக்கை. உனக்கு அப்படி இல்லை. காலையில் வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் திறந்து தண்ணீர் டப்பாவில் கோடு வரை இருக்கிறதா என்று பார்ப்பாய். நீல விளக்கு அணைய எத்தனை நேரமாகிறது என்று கவனிப்பாய். சிக்னலில் கண்ணாடியை இறக்கி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று காது கொடுப்பாய். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஹீட்டர்! மே மாத வெயிலில் ஒரு நிமிடம் ஹீட்டரைத் திருப்புவாய். "காத்து சூடா வந்தா தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். இன்ஜின் சூடா இருக்கும்போது இதுல சில்லுனு வந்தா தண்ணியே இல்லைன்னு அர்த்தம்." நான் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே உன்னைக் கிண்டல் செய்வேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு என் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவாகும் மீட்டிங் ஒன்பதரைக்கு. பேகம்பேட் தாண்டும்போது வெல்லப்பாகு தீய்ந்தாற்போல ஒரு வாசனை வந்தது. நீ உடனே ஹீட்டரைத் திருப்பினாய். காற்று சில்லென்று வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினாய்.

"தண்ணி போயிடுச்சுடி. ஆட்டோ பிடிச்சுப் போயிடு."

காலி ஆட்டோ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். "லைட் எரியலையே! வாசனை வேற எங்கேயாவது வந்திருக்கும். ரெண்டு சிக்னல் தள்ளி ஆட்டோ கிடைக்கும், ப்ளீஸ், ஓட்டு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கியரைப் போட்டாய். இரண்டாவது சிக்னலுக்கு முன்பே இன்ஜின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. சிவப்பு விளக்கு கடைசி வரை எரியவில்லை. உன்னை அங்கேயே விட்டுவிட்டு, கிடைத்த ஆட்டோவில் நான் மீட்டிங்குக்கு ஓடினேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்கு உன்னுடன் நானும் வந்தேன். அங்கிருந்த சூப்பர்வைசர் உன்னிடம் பேசவே இல்லை. உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "லைட் வந்திருக்கும் சார், மேடம் கவனிச்சிருக்க மாட்டாங்க. லேடீஸ்தானே." ஜாப் கார்டில் 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

"கார் என் பேர்ல இருக்கு. என்கிட்ட பேசுங்க" என்றாய். "அந்த லைட்டோட சென்சாரைக் கழட்டுங்க. எனக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க."

அவர் மறுத்தார். நீ நாற்காலியைவிட்டு எழவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வயதான மெக்கானிக்தான் மனமிரங்கி அதைக் கழற்றினார். வயரோடு சேர்த்துக் கேன்டீன் வெந்நீரில் முக்கினார். டாஷ்போர்டில் நீல விளக்கு அணைந்தது. வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நீல விளக்கு மறுபடி எரிந்தது. தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீரெல்லாம் ஒழுகிப்போன இன்ஜினில் அது எதைப் பார்த்துச் சிவப்பைக் காட்டும்? "ஹவ், மேடம் பராபர் போல்ரே" என்று அவரும் நீ சொல்வதுதான் சரி என்றார்.

சூப்பர்வைசர் விடவில்லை. "வாசனை வந்ததுன்னு நீங்களே சொன்னீங்களே மேடம். பின்ன ஏன் ஓட்டினீங்க?"

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அது என் தப்பு. அதை வேணா எழுதுங்க. லைட்டைப் பார்க்கலைன்னு மட்டும் எழுதாதீங்க."

கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, 'தண்ணீர் ஹோஸ் வெடித்தது, விளக்கு எரியவில்லை' என்று எழுதினார்கள். இன்ஜினையும் காசு வாங்காமல் அவர்களே சரி செய்து தந்தார்கள். நான் வெளிநாடு போனேன். உன் வீட்டில் மட்டும், "இனிமே ஆபீஸ் பஸ்ல போ" என்ற பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. நீ கேட்கவில்லை, ஓட்டினாய். நான் திரும்பி வந்ததும் மறுபடி உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். அந்தக் காலையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன ஆடியில் நீ போனாய். பத்தாம் நாள் உன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சரியான பிடிவாதக்காரி. ஒரு தடவை தீஞ்ச வாசனை வந்தும் நிறுத்தாம ஓட்டி இன்ஜினையே எரிச்சுட்டா." எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். செத்த பிறகும் உன் தலையில் அதுவா?

"நிறுத்தினா" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஓரமா நிறுத்தி என்னை ஆட்டோல போகச் சொன்னா. மீட்டிங்குக்கு லேட்டாகுதுன்னு நான்தான் ஓட்டச் சொன்னேன்."

உன் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். என்னைச் சொன்னாரா, உன்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

எனக்கு அவர் மீது கோபமில்லை. அந்த சூப்பர்வைசர் மீது இருக்கிறது. என் மீது இருக்கிறது. உன் மீதும் இருக்கிறது, தெரிந்துகொள். அன்றைக்கு சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பும் வழியில் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதற்குப் பதிலாக நீ, "மீட்டிங் என்னாச்சு, பேரைச் சேர்த்தாங்களா?" என்று கேட்டாய். சேர்த்துவிட்டார்கள் என்றதும், ஆட்டோவில் என் கையைப் பிடித்து அழுத்தினாய். அந்த அழுத்தத்தை இன்னும் என்னால் கையிலிருந்து உதற முடியவில்லை.