பெரட்டில் உன் பெயர்

என் கூடப்பிறந்த குரங்கே, செல்லத் தம்பி சேகரா,

அங்கே எப்படி இருக்கிறாய்? இங்கே ஈப்போ சிலிபினில் மழை விட்டபாடில்லை. உன் மருமகள் கவிதாவுக்குத் தை மாதம் கல்யாணம். உன் தலைத்திவசம் முடிந்த பிறகுதான் நாள் குறித்தோம். பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பெயரைப் போடச் சொன்னால், முன்னால் 'அமரர்' சேர்க்கணுமே என்றார்கள். அச்சுக்கடையிலேயே நின்று அழுதேன். வேறு என்ன செய்ய?

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரால்தான் இந்தக் கடிதம். என் டியூஷன் வேலைக்கு விண்டோஸ், உன் பாட்டு வேலைக்கு லினக்ஸ் என்று ஒரே பெட்டியில் இரண்டையும் ஏற்றினாய். பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் எழுதிப் பார்த்தாய், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கடைசியில் ஆங்கில எழுத்தில் மேலே அக்கா, கீழே தம்பி. இது என்னடா என்று கேட்டேன்.

"பெரட்டுக்கா. யாரு பேரக் கூப்பிடுறோமோ அவங்க வேலைக்குப் போலாம்."

சிலிம் ரிவர் எஸ்டேட்டில் விடியும் முன் அப்பா போய் வரிசையில் நிற்பாரே, கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பாரே, அந்தப் பெரட்டு. எஸ்டேட்டே போய்விட்டது, நீ அதைத் தூக்கி வந்து கம்ப்யூட்டரில் வைத்தாய். நான் பதறுவேன் என்று தெரிந்து, எதையும் தொடாவிட்டால் தானாக என் பக்கமே திறக்கும்படியும் செய்தாய்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு நான் வரலனாலும் என் பாட்டு வரும்கா. பாடி வச்சிட்டேன், என் பக்கம் இருக்கு" என்றாய். இருக்கிறது, சரி. பாஸ்வேர்ட் எங்கேடா? பாட்டை வைத்துவிட்டுச் சாவியை யாராவது கையோடு கொண்டுபோவார்களா? அம்மா பெயர், எஸ்டேட் பெயர், நம் நாயின் பெயர், நீ பின்னாலேயே சுற்றித் திரிந்தாயே அந்தக் கம்பார் ஊர்ப் பெண்ணின் பெயர்கூடப் போட்டுப் பார்த்தேன். பெரட்டு என்றும் போட்டேன். இதுதான், இதுவேதான் என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். அதுவும் இல்லை.

போன வாரம் விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. மறுபடி திறந்தால் கறுப்புத் திரையையே காணோம், நேராக என் பக்கம். உன் பெயர் இருந்த சுவடே இல்லை. இரண்டாம் தடவையும் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் தோன்றியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈப்போ டவுனில் ஒரு கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் எதையோ மாற்றினார். பழையபடி அக்கா, தம்பி வந்தது. அப்புறம் உன் பக்கத்தைத் திறக்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தக் போலேலா அக்கா, முடியாது. முழுசா பூட்டி வச்சிருக்காரு, பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் தொறக்க முடியாது. உங்க பக்கம் நெறஞ்சு போச்சு. இத அழிச்சிட்டு அந்த எடத்தையும் உங்களுக்கே கொடுத்துர்றேனே?"

"வேணாண்ணே. செக்ரோல்ல பேரு இருக்கட்டும்."

அவருக்கு விளங்கவில்லை. பெரட்டில் பெயர் வாசிக்கும் புத்தகம்தான் செக்ரோல் என்று சொல்லும் தெம்பும் எனக்கு இல்லை.

"மாமா பாட்டு கிடைக்குமாம்மா?" என்று கவிதா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெரியலடி என்கிறேன். நிஜமாகவே தெரியவில்லை, சேகரா.

தினமும் காலையில் பட்டனை அமுக்கியதும் கீழ் அம்புக்குறியைத் தட்டி உன் பெயருக்குப் போகிறேன். அப்படித் தட்டியதும் திரையில் குறைந்துகொண்டே வரும் விநாடி எண் நின்றுவிடுகிறது. அதன்பின் அது தானாக எங்கேயும் போவதில்லை, நான் நகரும்வரை உன் பெயரிலேயே நிற்கிறது. இதையும் எனக்காகத்தான் வைத்தாயா?

பாட்டைத் திறந்துவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. கல்யாணத்தன்று காலையிலும், மண்டபத்துக்குக் கிளம்பும் முன், உன் பெயரைக் கூப்பிடுவேன். நீ பதில் சொல்லாவிட்டாலும் செக்ரோலிலிருந்து அதை வெட்ட மாட்டேன்.

பெரட்டில் உனக்கு மேல் வரியில் நிற்கும்,
உன் அக்கா