உன் பெயரில் போன என் பிழை

இரண்டு கம்பனிகளின் படிவங்கள் காலையிலிருந்து என் மேசையில் கிடக்கின்றன. இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும் வருமான வரி விபரத்திரட்டைத் தயாரிக்கும் இரண்டு மென்பொருட்கள். இரண்டையும் ஒரு மாதம் பரீட்சித்துப் பார்த்தாயிற்று. இன்று பின்னேரத்துக்குள் ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, தொழில் என்று எழுதிக்கொண்டு வந்தபோது, 'பயன்படுத்துவோர் எத்தனை பேர்?' என்று கேட்டிருந்தது. பதினாறு வருடமாக அதற்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு என்பதுதான் பதில். ஒன்று என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனை ஓடவில்லை. அதனால் இதை உனக்கு எழுதுகிறேன்.

உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ செத்து எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று, எல்லோரும் உன் பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பொறுமையால் அடிபட்டவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், மருந்துக் கடைக்கு மேலே அந்த அறையை எடுத்தபோது எங்களிடம் இரண்டு மேசையும் ஒரு கணினியும் இருந்தன. நீ ஒரு எக்செல் கோப்பு செய்தாய். வரி வேலைக்கு எங்களிடம் வருபவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பில் உன் குறிப்புகள்: மூத்த மகன் கனடாவிலிருந்து அனுப்புவது வீட்டுச் செலவுக்கு, தோட்டக் காணி தம்பியோடு பொது, இவருக்குக் காது மந்தம், மனைவியையும் கூட்டிவரச் சொல்லவும். ஆட்கள் இருநூறைத் தாண்டியபோது இது சரிவராது, மென்பொருள் எடுப்போம் என்றேன். பாதிப்பேர், தவணை முடியும் நவம்பர் கடைசிக் கிழமையில்தான் படியேறுவார்கள். அந்த நெரிசலில் உன் சிவப்பு எழுத்தை யார் வாசிப்பது? பதிலை நீ, சுவரோர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாய்.

"உவருக்கு மிசின் வேணுமாம். எங்களுக்கு வாய் இருக்குத்தானே, கேப்பம்."

அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உனக்கு அது பகிடி. நான் அந்த வாங்கைப் பார்க்கும்போதெல்லாம் அது என் காதில் விழுகிறது.

அந்த வருடமே உனக்குத் தெரியாமல் ஒரு மென்பொருளைப் பரீட்சைக்கு எடுத்து, என் பொறுப்பில் இருந்த இருபது பேரின் விபரங்களை ஏற்றினேன். அதில் மருதனார்மடத்து மாஸ்டரும் ஒருவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வாடகைக்கு விட்ட வீட்டைப் பற்றிக் கதைக்கும்போது 'என்ரை வீடு' என்றுதான் சொல்லுவார். வாடகை வாங்குவதும் அவர், கூரை ஒழுகினால் மேசனைப் பிடிப்பதும் அவர். வாடகையை அவர் பெயரில் போட்டு அனுப்பிவிட்டேன். வீடு அவருடைய மனைவிக்கு, எங்கள் அன்ரிக்கு, சீதனமாக வந்தது. உறுதிப் பத்திரம் அன்ரியின் பெயரில். அந்த வாடகையை நீ வருடா வருடம் அன்ரியின் விபரத்திரட்டில் காட்டிவந்தாய், அந்த வருடமும் காட்டியிருந்தாய். கொழும்பில் படித்துவிட்டு வந்த நான், நம் ஊரில் ஒரு ஆண் 'என்ரை வீடு' என்றால் உறுதி யாரின் பெயரில் என்று கேட்க வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

திணைக்களத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மாஸ்டர் வரவில்லை. கடிதத்தோடு அன்ரிதான் படியேறி வந்தார்.

"என்ரை அப்பா எனக்குத் தந்த வீட்டை உங்கடை கம்பியூட்டர் இவருக்கு எழுதிக் குடுத்திட்டுதோ?"

நான் வாயைத் திறக்க முதல் நீ எழும்பிவிட்டாய். "பிழை என்ரை, அன்ரி. நான்தான் கவனிக்கேல்லை. ரெண்டு நாளிலை திருத்தித் தாறன்." சொன்னபடியே திருத்தியும் கொடுத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் ஒளித்துச் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். இரண்டு நாளில் எல்லாம் முடிந்திருக்கும். என் பிழையை எடுத்து நீ உன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய், வேண்டியபோது எடுத்துக் காட்டுவாய் என்றுதான் நான் நினைத்தேன். அலுவல் தவிர வேறு கதை எங்களுக்குள் இல்லாமல் போனது. ஒன்றரை வருடம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சு நோகிறது என்று வெள்ளன வீட்டுக்குப் போனாய். திங்கட்கிழமை உன் மேசை வெறுமையாக இருந்தது.

இப்போது இந்தத் தெரிவு எனக்கு வந்திருக்கிறது. முதலாவது மென்பொருள் வேகமானது. போன வருடத்து விபரங்களைத் தானே இந்த வருடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆளை மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடலாம். தனியொருவனுக்கு நவம்பரில் அது பெரிய உதவி. இரண்டாவது மந்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் காணிக்கும் வந்தவுடன் நின்று, உரிமையாளர் யார் என்று புதிதாகக் கேட்கும். பதில் போடாமல் நகராது. விரும்பினால் அந்தக் கேள்வியே வராமல் செய்துவிடலாம் என்று விற்க வந்தவர் சொன்னார். நீ திருத்த முதல் இருந்த என் பழைய கோப்பிலிருந்து மாஸ்டர் வீட்டு விபரங்களை ஏற்றித்தான் இரண்டையும் சோதித்தேன். முதலாவது, என் பழைய பிழையை ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியே இந்த வருடத்துக்குக் கொண்டுவந்தது.

அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மருதனார்மடத்துக்குப் போனேன். அன்ரி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உறுதியின் பிரதி வாங்க வந்ததாகச் சொன்னேன். பிரதியை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொல்ல முடிந்தது.

"அண்டைக்கு அந்தப் பிழை விட்டது நான், அன்ரி. அவனில்லை."

அவர் மிளகாயைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் தம்பி. அந்தப் பிள்ளை அண்டைக்குப் பின்னேரமே இஞ்சை வந்து சொன்னது. 'உங்களுக்குப் பொய் சொல்லேலாது அன்ரி, ஆனா அவனிட்டை ஒண்டும் கேட்டுப்போடாதேங்கோ. என்னை விடக் கெட்டிக்காரன், கோவிச்சுக்கொண்டு கொழும்புக்குப் போயிடுவான்' எண்டு."

லாச்சியில் ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். என்னைப் பற்றி அப்படியொரு வார்த்தையை மருதனார்மடம் வரை சைக்கிளில் கொண்டுபோகத் தெரிந்த உனக்கு, ஆறடி தள்ளியிருந்த என் மேசைக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. இதை எப்படி நான் மன்னிப்பது? மன்னிக்காமலும் எப்படி இருப்பது?

முதலாவது கம்பனியின் படிவத்தைக் கிழித்துவிட்டேன். மந்தமானதைத்தான் எடுக்கிறேன். இது உனக்காக இல்லை. இருநூறு பேரின் காரியத்தை என் கெட்டித்தனத்தை மட்டும் நம்பி விடக் கூடாது என்பதற்காக. அந்த ஞாயிறு எனக்குத் தந்ததும், நான் இனிக் கொண்டு திரியப்போவதும் அது ஒன்றுதான்.

நேற்று, பரீட்சைக்கு எடுத்த அந்த மந்தமானதில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நல்லூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அவருடைய கடை வாடகை என்ற இடத்துக்கு வந்ததும், உரிமையாளர் யார் என்று கேட்டுத் திரை நின்றது. அவர் எட்டிப் பார்த்து, "மிசின் இறுகிப் போச்சு போலை" என்றார்.

"இல்லை அண்ணை, அதை நான்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய மனைவியின் பக்கம் திரும்பினேன்.