புஷ்பம் அக்காவின் அடுப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

இன்று பள்ளிகள் திறந்தன. சேலையூர் முக்கில் காலையிலேயே ஆட்டோக்களும் அழுகைகளும். பால் வாங்கப் போனவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிள்ளைகளின் முகத்தை விட்டுவிட்டுச் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. எத்தனை காலர் கோணல்! ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றதும் கண் தையல்காரியின் கண்ணாகிவிட்டது.

இன்றும் குர்தாக்கள்தான். கழுத்துப்பட்டி வைத்து, பக்கம் மூட்டி, காஜா எடுத்து முடிக்கும்போது சாயங்காலம். இவர் இஸ்திரி போட்டார். ஜோவிதா மடித்து, காகிதத்தில் சுற்றி, சணல் கயிறு கட்டி, அட்டையைத் தொங்கவிட்டாள். ‘மெல்ல’ – மகள் தொடங்கியிருக்கும் ஆடைத் தொழிலின் பெயர். அனகாபுத்தூர் கைத்தறித் துணி, இயற்கைச் சாயம், கொட்டாங்குச்சிப் பொத்தான். அட்டையின் கீழே சின்ன எழுத்தில்: தைத்தவரின் உழைப்பைத் திருடாத உடை.

பெயர்தான் மெல்ல. “அம்மா, வியாழக்கிழமைக்குள்ள முடியுமா?”

முடியும் என்றேன்.

ஜூன் 12, புதன்

வலது கை தோளுக்கு மேல் போக மறுக்கிறது. மேல்தட்டு மிளகாய்த்தூள் டப்பாவை இவரை எடுக்கச் சொன்னேன். “ஏன், உன் கை எங்க போச்சு?” என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கெசியா பிடித்துக்கொண்டாள். “பெண்கள் ஐக்கியத்துக்கு வந்து எத்தன மாசம் ஆச்சு டீச்சர்? ரிட்டயர் ஆனா டைம் கிடைக்கும்பாங்க. உங்களுக்கு இருந்த டைமும் போச்சே!” சிரித்துவிட்டு வந்தேன்.

ஏன் தைக்கிறேன்? ஒருமுறை எழுதியே பார்த்துவிடலாம்.

போன வருடம் ஜோவிதா ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி வேலையை விட்டாள். விட்டாள் என்பது மரியாதையான சொல். அந்த வேலை அவளை மென்று துப்பியது. முப்பது வயதுப் பெண் மாதக்கணக்கில் விளக்குப் போடாமல் படுத்துக் கிடந்தாள். எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில். அந்த நாள்களில் மீந்த துணியில் அவளுக்கு ஒரு குர்தா தைத்தேன். பார்க்க வந்த சிநேகிதி, “இது எந்தக் கடைடி?” என்று கேட்டாள். அன்று ஜோவிதா எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

அவ்வளவுதான். மெஷின் நின்றால் மறுபடி படுத்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. சைக்கிள் பழகும் பிள்ளையின் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அப்படி ஓடிக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் கையை எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டுகிற பிள்ளை திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைவினைச் சந்தை. எங்கள் மேசைக்கு ஒரு பக்கம் பனையோலைக் கூடைகள், மறு பக்கம் சுடுமண் கம்மல்கள். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் எல்லாரும் மேசையைத் தூக்கி ஓரம் வைத்தோம்.

ஓர் அம்மாள் குர்தாவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். நல்ல பழக்கம். “தையல் நீட்டா இருக்கே. யார் தைக்கிறாங்க?”

“எங்க ஆர்ட்டிசன்ஸ் மேடம்,” என்றாள் ஜோவிதா.

“லேடீஸ் குரூப்பா?”

“ஆமா மேடம், தாம்பரம் சைடு.”

நானும் இவரும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் என் காதருகே வந்து, “குரூப்ல நீ தலைவியா, செயலாளரா?” என்றார்.

“நீங்க?”

“நான் இஸ்திரி டிபார்ட்மென்ட்.” தபால் துறையில் இத்தனை வருடம் இருந்தவருக்கு எல்லாமே டிபார்ட்மென்ட்தான்.

இன்னொரு பெண், தி.நகரில் இதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்குமே என்றாள். ஜோவிதா நிதானமாகச் சொன்னாள்: “கிடைக்கும் மேடம். மீதிப் பாதிய யாரோ ஒரு பொம்பள தன் உடம்பால கட்டியிருப்பா.” எவ்வளவு அழகாகச் சொன்னாள்! அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். நானே கை தட்டியிருப்பேன், தோள் விட்டிருந்தால்.

ஆகஸ்ட் 3, சனி

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது ஜோவிதா படம் எடுத்தாள். “சும்மா சிரிங்கம்மா. கண்ணாடிய மூக்குல இறக்கி விடுங்க. அந்தப் பழைய சேலைதான் நல்லா இருக்கு, மாத்தாதீங்க.” எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அசதி. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். வழக்கமாக யாராவது பழைய மாணவர்கள் போன் செய்வார்கள். இந்த வருடம் நேரிலேயே வந்தான் ஜெயவேலு. மாடம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், தலை நரைத்துவிட்டது. கதவைத் திறந்தது இவர் – பனியனும் லுங்கியுமாக, கையில் இஸ்திரிப் பெட்டியோடு. ஜெயவேலு அதைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாசலில் அவன் வண்டியிலிருந்து ஒரு சிப்பம் பொன்னி அரிசி இறங்கியது. பிறகு எண்ணெய் டின், பருப்பு, புளி.

“என்னப்பா இது?”

“இன்னா டீச்சர், நாங்கள்லாம் இருக்கசொல்ல நீங்க ஏன் டீச்சர் மெஷின் மிதிக்கணும்? நம்ம பேட்ச் குரூப்புல உங்க போட்டோ வந்துகினு கீது. பாத்துட்டு என் வூட்டுக்காரி அழுதுட்டா.”

போனைக் காட்டினான். என் படம். கண்ணாடி மூக்கு நுனியில், பழைய சேலை. கீழே எழுதியிருந்தது: ‘இவர் புஷ்பம் அக்கா. ஊசியும் நூலுமே இவர் உலகம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு உடையும் இவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது.’

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஜெயவேலு, என் அடுப்பு பென்ஷன்ல எரியுதுப்பா. இது என் மகளோட தொழில். நான் சும்மா ஒத்தாசைக்கு…”

“கவுரவத்துக்குச் சொல்றீங்க. தெரியும் டீச்சர். சாரும் இந்த வயசுல இஸ்திரி போட்டுகினு கீறாரு!” கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“தம்பி, இது எங்க வீட்டு உருப்படிதாம்ப்பா,” என்றார் இவர்.

“எல்லாரும் அப்டித்தான் சார் சொல்வாங்க.”

எதைச் சொன்னாலும் அது வறுமையை மறைக்கும் பொய்யாகவே அவன் காதில் விழுந்தது. தப்பான சூத்திரத்தில் தொடங்கிய மாணவனுக்கு ஒவ்வொரு வரியும் சரியாகத்தானே தோன்றும்? காபி கொடுத்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அரிசியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

போன பிறகு சிரிப்பு வரவில்லை. அக்கா. என் வயிற்றில் பிறந்தவளுக்கு நான் அக்கா.

செப்டம்பர் 6, வெள்ளி

நேற்று ஜோவிதா வந்ததும் கூடத்தில் அரிசிச் சிப்பத்தைப் பார்த்தாள். சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“அது சும்மா கதை சொல்ற ஸ்டைல்மா. தைக்கிறவங்க முகத்தக் காட்டணும். எல்லா பிராண்டும் அப்படித்தான் பண்றாங்க.”

“அம்மான்னு போட்டா என்ன?”

“அம்மான்னு போட்டா வீட்ல சும்மா தைக்கிறாங்கன்னு நினைப்பாங்க.”

“சும்மாதானே தைக்கிறேன்?”

சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. “நான் டெய்லர் பாக்கிறேன்னு சொன்னப்ப வேணாம்னது யாரு? ‘கொடு கொடு, நான் இருக்கேன்’னு வாங்கி வச்சது யாரு? இப்ப நான் உங்கள சுரண்டுறேனா?”

வாங்கி வைத்தது நான்தான். பாடம் நடத்துகிறேன் என்று பரீட்சையையும் நானே எழுதிக் கொடுத்தவள் நான்.

“எந்தப் போட்டோலயும் நான் இல்ல, அத யாரும் கேக்கல,” என்றார் இவர். யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அந்தப் படத்தை அவள் நீக்கிவிட்டதாக இன்று காலையில் இவர் சொன்னார். அவள் என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜோவிதா அறையில் விளக்குப் போடவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். ஐயோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்? அடுப்போ அக்காவோ, எதையாவது எழுதிவிட்டுப் போகட்டுமே.

செப்டம்பர் 9, திங்கள்

நானே போய் மெஷினில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். நூல்கண்டுகளை நிறம் பிரித்துக் கொடுத்தாள். தைத்தேன்.

அக்டோபர் 19, சனி

மேடவாக்கம் குடியிருப்பிலிருந்து பெரிய ஆர்டர். அங்குள்ள கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்கு – அப்பா, அம்மா, பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே துணியில். ஜோவிதா கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “அம்மா, இது மட்டும் நல்லா பண்ணிட்டா அடுத்த வருஷம் எங்கயோ போயிடுவோம்!”

எனக்கு வாயில் குண்டூசி இருந்தது. அதனால்தான் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் 30, புதன்

யாருக்கும் சொல்லாமல் கேம்ப் ரோட்டில் பிசியோதெரபிக்குப் போனேன். தோள் மூட்டு இறுகிவிட்டதாம். “ஆன்ட்டி, மெஷின நிறுத்தாம நான் என்ன பண்ணாலும் வேஸ்ட்,” என்றாள் அந்தப் பெண். ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் கணக்கு. குழாயை எவ்வளவு திறந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 9, சனி

ரவிக்கையின் கொக்கியைப் போட முடியவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இவர் கடைக்குப் போயிருந்தார். ஜோவிதாவைக் கூப்பிட்டேன்.

வந்தாள். பார்த்தாள்.

“எப்பத்திலேர்ந்து?”

“ஜூன்.”

கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். சின்ன வயதில் அவளுக்குப் போட்டுவிடும்போது எனக்கு எப்போதும் அவசரம். அவளுக்கு அவசரம் இல்லை. போட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். “இனிமே என்னால தைக்க முடியாது ஜோவி.”

அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் பட்டுவிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மாதிரிக்கு ஒரு குர்தா. பட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்தையலை மடித்து அடித்திருப்பதை விரலால் தடவினாள். கூலி கேட்டாள். ஜோவிதா விற்கும் விலையைச் சொன்னதும் பட்டு சிரித்தே விட்டாள்.

“இந்த வெலைக்கு வித்துட்டு எனக்கு இன்னா குடுப்ப? இவ்ளோ நாளா இத்த எந்த ஏமாளி தச்சுகினு இருந்தா?”

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மா,” என்றாள் ஜோவிதா.

பட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, “உக்காருங்கம்மா, டீ சொல்றேன்,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். குடித்தோம். நல்ல டீ.

வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஜோவிதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். துணி, சாயம், பொத்தான், பட்டுவின் கூலி. அடித்தாள், மறுபடி போட்டாள். விடை எனக்குத் தெரியும். நியாயமான கூலியைச் சேர்த்தால் உடையின் விலை அந்தக் குடியிருப்புக்காரர்கள் ஒப்புக்கொண்ட விலையைத் தாண்டிப் போகும். வகுப்பில் இப்படி நேரங்களில் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவேன். பார்த்தால் வாய் சொல்லிவிடும். இன்றும் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் துணி மடித்தேன், ஒரு கையால்.

திரும்பி வந்தபோது பேனாவை மூடி வைத்திருந்தாள். அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

நவம்பர் 20, புதன்

ஜோவிதா மூன்று வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. “விடு, வளந்த பொண்ணு, பசிச்சா சாப்பிடுவா,” என்கிறார் இவர். ஆனால் அவரும் இரண்டு தடவை கதவருகே போய் நின்றுவிட்டு வந்தார்.

உறையைப் போட்டு மெஷினை மூடி வைத்திருக்கிறேன். இன்று அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். இடது கையால் தள்ளினால் தைக்க வருமா? இந்த ஒரு ஆர்டரை மட்டும்?

உட்கார்ந்திருந்தேன். உறையை எடுக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் மீன் குழம்பு வைத்தேன். இவர் தேங்காய் துருவிக் கொடுத்தார். அடுப்படியில் இருக்கும்போது அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. போனில்.

“இல்ல மேடம். அந்த விலைக்கு முடியாது. நான் தப்பா சொல்லிட்டேன்… இல்ல மேடம், தைக்கிறவங்களுக்குக் குடுத்தா இதுதான் வருது… புரியுது. நீங்க கோபப்படறது சரிதான்… வேற எடத்துல பாத்துக்கோங்க. அட்வான்ஸ் இன்னிக்கே திருப்பி அனுப்பிடறேன்.”

பேச்சு முடிந்தது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். போய்க் கதவைத் தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? நான் தைத்துத் தருகிறேன் என்ற ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருந்தது. பல்லைக் கடித்து நின்றேன்.

அவளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. தட்டை எடுத்து, சோறு போட்டுக்கொண்டு, குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“வால் துண்டா? தலை இல்லையா?”

“தல உங்கப்பா தட்டுல.”

“நான்தான் இன்னிக்கு அடி வாங்கியிருக்கேன்.”

இவர் தன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். நின்றபடியே சாப்பிடத் தொடங்கினாள். நடுவில் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டாள்.